அங்கீகாரமா, அனுமதியா, ஒப்புதலா, ஏற்பா: பலகையில் எதை எழுதுவது?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் சின்னதாக ஒரு அச்சுக்கடை வைத்திருக்கிறேன். ஃபிளெக்ஸ், நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, ரப்பர் ஸ்டாம்ப். திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு வருகிறவர்களுக்கு மனு அடித்துக் கொடுப்பதும் உண்டு. இருபது வருஷமாக ஊரார் சொற்களைத் தட்டச்சு செய்தே பிழைப்பதால் சில சொற்கள் மேல் எனக்குத் தனிக் கண். அதில் முதலில் நிற்பது அங்கீகாரம்.

ஏப்ரல் மாதம் ஒரு பள்ளித் தாளாளர் வந்தார். எட்டுக்கு நாலு ஃபிளெக்ஸ். மேலே பள்ளியின் பெயர், நடுவில் சிரிக்கிற குழந்தைகள், கீழே சிவப்புப் பட்டையில் மஞ்சள் எழுத்தாக ‘அரசு அங்கீகாரம் பெற்றது’. “தம்பி, மத்தது எப்படி இருந்தாலும் சரி, அந்த வரி பஸ்ஸில போறவன் கண்ணுக்குத் தெரியணும்” என்றார். பள்ளிக்கோ மனைக்கோ சங்கத்துக்கோ இந்த வரியைப் போட்டால் ஆணை எண்ணையும் நாளையும் அடியில் போடுவது என் கடை வழக்கம். ஆணையைக் கேட்டேன். பிளாஸ்டிக் உறையிலிருந்து மூன்று தாள்களை எடுத்து மேசையில் பரப்பினார். அறக்கட்டளைப் பதிவுப் பத்திரம், பள்ளி தொடங்குவதற்கான அனுமதி ஆணையின் நகல், தாசில்தார் கொடுத்த கட்டட உரிமம். அங்கீகார ஆணை மட்டும் இல்லை.

“எல்லாம் ஒண்ணுதானே தம்பி? எல்லாமே கவர்மென்ட் குடுத்ததுதானே?”

அவருக்குப் பதில் சொல்ல அன்று எனக்குக் கால் மணி நேரம் பிடித்தது. இதே கேள்வியோடு வருகிறவர்கள் நிறைய என்பதால் எழுதி வைக்கிறேன். பதிவு, உரிமம், அனுமதி, இசைவு, ஒப்புதல், இணைவு, ஏற்பு, அங்கீகாரம். எல்லாவற்றின் பின்னாலும் ஒரு முத்திரை இருக்கிறது. எந்த முத்திரைக்கு எந்தச் சொல் என்பதில்தான் ஆள் தடுமாறுகிறது.

சொல்லிலிருந்தே தொடங்குவோம். அங்கீகாரம் வடமொழியிலிருந்து வந்தது. அங்கம் என்றால் உறுப்பு. உறுப்பு அல்லாத ஒன்றைத் தன் உறுப்பாக ஆக்கிக்கொள்வதே அங்கீகாரம். பழைய தமிழில் இதற்கு அரசாங்க வாசனையே கிடையாது. மனமுவந்து ஏற்றுக்கொள்வது என்பதுதான் பொருள். பழைய விவிலிய மொழிபெயர்ப்பில் ஆபேலின் காணிக்கையைக் கர்த்தர் அங்கீகரிக்கிறார், காயீனின் காணிக்கையை அங்கீகரிக்கவில்லை. அங்கே ஆணை எண்ணும் இல்லை, விண்ணப்பக் கட்டணமும் இல்லை. கடவுளும் பெரியவர்களும் செய்துகொண்டிருந்த காரியத்தைப் பிற்பாடு அலுவலகங்கள் எடுத்துக்கொண்டன.

எழுதும்போது ‘கீ’ நெடில். ‘அங்கிகாரம்’ என்று எழுதிக்கொண்டு வருகிறவர்கள் வாரத்துக்கு இரண்டு பேராவது இருப்பார்கள். அங்கி என்பது பாதிரியாரும் வக்கீலும் போடுவது.

‘உறுப்பாக ஆக்கிக்கொள்வது’ என்றேனே, அந்த ‘ஆக’வை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். எந்த இடத்தில் அங்கீகாரம் பொருந்தும் என்று பார்க்க நான் வைத்திருக்கிற உரைகல் அதுதான். எதை, என்னவாக? இந்தக் கேள்விக்கு இரண்டு பாதியிலும் பதில் வந்தால் அங்கீகாரம் என்று போடலாம். தமிழைச் செம்மொழியாக மத்திய அரசு 2004இல் அங்கீகரித்தது. சரியாக உட்காருகிறது. கல்யாண மண்டபத்தில் ஒலிபெருக்கி வைக்கக் காவல் துறை அங்கீகாரம் தந்தது? ஒலிபெருக்கியை என்னவாக? பதில் இல்லை. அது அனுமதி.

நம்மூரில் இதற்கு எல்லாருக்கும் தெரிந்த உதாரணம் ஒன்று உண்டு. கடலூரிலிருந்து புதுச்சேரி போகிற வழியில் முள்ளோடை, கன்னியக்கோயில் தாண்டும்போது இருபக்கமும் பலகை பார்த்திருப்பீர்கள். ‘அரசு அனுமதி பெற்ற பார்’. எவ்வளவு ஏற்றிக்கொண்ட ஆளும் அதை ‘அங்கீகாரம் பெற்ற பார்’ என்று படிக்கமாட்டார். அரசு அந்தக் கடையைத் தன் அங்கமாக எடுத்துக்கொள்ளவில்லை. கட்டணத்தை வாங்கிக்கொண்டு, இன்ன இடத்தில் இன்ன நேரம் நடத்திக்கொள் என்று விட்டிருக்கிறது. கணக்காகச் சொன்னால் அதுகூட அனுமதி இல்லை, உரிமம்; ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்க வேண்டும். இருந்தாலும் ‘அனுமதி பெற்ற பார்’ என்பது ஊர் நாக்கில் ஊறிவிட்ட தொடர், அதை மாற்றப் போகிறவன் நான் இல்லை.

அனுமதி ஒரு செயலுக்கானது. செய்யலாமா என்று கேட்கிறோம், செய் என்கிறார்கள். செயல் முடிந்தால் அனுமதியும் முடிந்தது. இதே சொல் பள்ளியில் இன்னொரு வேலையும் பார்க்கிறது, ‘மாணவர் அனுமதி நடைபெறுகிறது’ என்று. அதனால் ‘அரசு அனுமதி’ என்று தனியாக ஒரு பள்ளிப் பலகையில் போட்டால் அரைக்கண்ணால் படிக்கிறவர் இலவச இடம் ஏதோ இருக்கிறது என்று வந்து நிற்பார். வந்து நின்றிருக்கிறார்கள்.

தாளாளரின் தாளில் இருந்தது இந்த அனுமதிதான். தமிழ்நாட்டில் தனியார் பள்ளிகளுக்கென்று 1973இல் வந்த சட்டத்தின் பெயரிலேயே ‘அங்கீகரிக்கப்பட்ட தனியார் பள்ளிகள்’ என்ற சொற்கள் உண்டு. அந்தச் சட்டம் வைத்த படிகள் இரண்டு: முதலில் தொடங்க அனுமதி, அப்புறம் அங்கீகாரம். பள்ளி இன்னும் ஒரு எண்ணமாக இருக்கும்போது கிடைப்பது முன்னது. கட்டடம், ஆசிரியர், கழிப்பறை, விளையாட எவ்வளவு இடம் என்று பார்த்துவிட்டு, ‘சரி, இது பள்ளிதான்’ என்று சொல்வது பின்னது. கட்டடத்தைப் பள்ளியாக. உரைகல் அப்படியே ஒத்துப்போகிறது.

இரண்டையும் ஒன்றாகப் போட்டால் என்ன குறைந்துவிடும் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒரே ஒரு தேதி. 2004 ஜூலை 16, கும்பகோணம். மதிய உணவுக்கு மூட்டிய அடுப்பிலிருந்து கூரைக்குத் தீ தாவி 94 குழந்தைகள் போய்விட்டார்கள். கட்டட உறுதிச் சான்று, கட்டட உரிமம், சுகாதாரச் சான்று, தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று என்று இன்று அங்கீகார விண்ணப்பத்தோடு அடுக்கித் தருகிற தாள்கள் பழையவைதான். அவற்றை அலுவலகங்கள் கறாராகக் கேட்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் ஒருபடி மேலே போய், அங்கீகாரச் சான்று இல்லாமல் பள்ளி நடத்தினால் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அதற்கு மேலும் நடத்தினால் நாளொன்றுக்கு 10,000 என்று சொல்கிறது. அபராதம் விழுவது அங்கீகாரம் இல்லாததற்கு. தொடங்க வாங்கிய அனுமதியை நீட்டி அதிலிருந்து தப்ப முடியாது.

அனுமதிக்கு ஒரு ஒன்றுவிட்ட தம்பி இருக்கிறான், இசைவு. கடலூர்க்காரர்களுக்கு அவனைத் தெரிந்திருக்கும், சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் குடியிருந்தால் நன்றாகவே தெரிந்திருக்கும். ஓர் ஆலை வர வேண்டுமானால் மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை இரண்டு முறை வேண்டும், நிறுவ ஒன்று, இயக்க ஒன்று. 1974இன் நீர்ச் சட்டமும் 1981இன் காற்றுச் சட்டமும் வைத்த ஏற்பாடு. இசைவு அழகான சொல், ஆனால் இந்த ஓர் அலுவலகத்தைத் தவிர வேறெங்கும் அதற்கு வேலை கிடைக்கவில்லை. பலகையில் இசைவு என்று போட்டால் பாட்டு வகுப்பு என்று நினைத்துவிடுவார்கள்.

அடுத்தது ஒப்புதல். பெரும்பாலான குழப்பம் நடப்பது இங்கேதான், ஏனென்றால் ‘அப்ரூவல்’ என்ற ஒரே ஆங்கிலச் சொல்லைச் சிலர் ஒப்புதல் என்கிறார்கள், சிலர் அங்கீகாரம் என்கிறார்கள். ஒப்புதல் ஒரு தாளுக்கானது. ஒருவர் எழுதி நீட்டுகிறார், இன்னொருவர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறார். மசோதாவுக்கு ஆளுநர் ஒப்புதல், திட்ட மதிப்பீட்டுக்குத் தலைமைப் பொறியாளர் ஒப்புதல், விடுப்பு விண்ணப்பத்துக்கு மேலாளர் ஒப்புதல். செய்ததை ஒத்துக்கொள்வதும் ஒப்புதல்தான் என்பதால் ஒப்புதல் வாக்குமூலமும் இதே வீட்டுப் பிள்ளை. ஒரு முறை ‘தலைவர் ஒப்புதல்’ என்று கொட்டை எழுத்தில் சுவரொட்டி அடித்துக் கொடுத்துவிட்டேன். ஏதோ கூட்டணிச் செய்தி. வழக்கு விவகாரம் என்று பாதி ஊர் நின்று படித்தது.

இந்த ஒப்புதலுக்கும் அங்கீகாரத்துக்கும் நடுவில் நசுங்குவது வீட்டுமனை. என் கடை வருமானத்தில் பாதி மனை நோட்டீஸ். ‘டி.டி.சி.பி. அப்ரூவ்டு’, புதுச்சேரி எல்லையைத் தாண்டினால் அங்குள்ள திட்டக் குழுமத்தின் ‘பி.பி.ஏ. அப்ரூவ்டு’. தமிழில் போடச் சொன்னால் என்ன போடுவது? டி.டி.சி.பி. என்கிற நகர் ஊரமைப்பு இயக்ககம் பார்ப்பது ஒரு வரைபடத்தை. சாலை எத்தனை அடி, பூங்காவுக்கு இடம் விட்டிருக்கிறதா, தண்ணீர் வடிய வழி இருக்கிறதா. வரைபடம் ஒரு தாள், ஆகவே ஒப்புதல்தான் சரி என்று ரொம்ப நாள் பிடிவாதமாக இருந்தேன். பிறகு உரைகல்லில் உரசிப் பார்த்தேன். எதை, என்னவாக? நேற்றுவரை கரும்பு நின்ற நிலத்தை வீடு கட்டத்தக்க மனையாக. பதில் வந்துவிட்டது. அதனால் இப்போது ‘வரைபடத்துக்கு ஒப்புதல்’, ‘அங்கீகரிக்கப்பட்ட மனை’ என்று இரண்டையும் அதனதன் இடத்தில் போடுகிறேன். அரசாங்கமும் ‘அங்கீகாரமற்ற மனைப்பிரிவு’ என்றுதான் எழுதுகிறது. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பத்திரப் பதிவு செய்யத் தடை போட்டபோது அந்தச் சொல் டீக்கடை வரைக்கும் வந்தது. அதுவரை அங்கீகாரத்தைப் பள்ளிக்கூட விஷயம் என்று நினைத்திருந்தவர்கள்கூடத் தாய்ப் பத்திரத்தைத் தேட ஆரம்பித்தார்கள்.

அந்தத் தடைக்குப் பிறகு 2017இல் வந்த விதிகள் இன்னொரு சொல்லையும் ஊருக்குள் கொண்டுவந்தன, வரன்முறை. 2016 அக்டோபர் 20க்குள் விற்றுப் பதிவான பழைய மனைகளுக்குக் கட்டணம் கட்டி வரன்முறை செய்துகொள்ளலாம் என்றார்கள். அங்கீகாரம் முன்கூட்டியே வாங்குவது. வரன்முறை, தவறிய பிறகு ஒழுங்குக்குள் கொண்டுவருவது. பலன் ஏறக்குறைய ஒன்றுதான் என்றாலும் வரன்முறை ஆன மனையை ‘அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவு’ என்று நோட்டீஸ் போட்டால் வாங்குகிறவர் பூங்காவையும் முப்பது அடிச் சாலையையும் எதிர்பார்த்து வருவார். வந்து பார்த்தால் மாட்டுவண்டித் தடம் இருக்கும்.

‘பஞ்சாயத்து அப்ரூவ்டு’ என்ற சொற்சேர்க்கையை மட்டும் நான் தொடுவதே இல்லை. மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் தரும் அதிகாரம் ஊராட்சித் தலைவரிடம் இல்லை. அவர் கையெழுத்து எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. அதேபோல ‘ரெரா அங்கீகாரம்’ என்பதும் தவறு. மனை வணிக ஒழுங்குமுறை ஆணையமான ரெரா தருவது பதிவு எண்.

பதிவு என்றதும் நம் எல்லாரிடமும் இருக்கிற குழப்பம் ஒன்று நினைவுக்கு வருகிறது. பதிவு என்பது ஏட்டில் பெயர் ஏறுவது. நீ இருக்கிறாய் என்று எழுதி வைத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். நீ நல்லவனா, வேலைக்கு ஆவாயா என்பதைப் பதிவு சொல்லாது. பதிவுக்கும் அங்கீகாரத்துக்கும் உள்ள தூரத்தைத் தேர்தல் போல் வேறெதுவும் காட்டாது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி யாரும் ஒரு கட்சியைப் பதிவு செய்துகொள்ளலாம். அங்கீகாரத்துக்கு 1968இன் சின்னங்கள் ஆணை சொல்லும் வாக்குக் கணக்கோ இடக் கணக்கோ தேற வேண்டும். விடுதலைச் சிறுத்தைகள் 2024இல் சிதம்பரத்தையும் விழுப்புரத்தையும் பானைச் சின்னத்தில் வென்ற பிறகுதான் அங்கீகரிக்கப்பட்ட மாநிலக் கட்சியானது. நாம் தமிழர் ஓர் இடம்கூட வெல்லாமல் வாக்கு விழுக்காட்டில் அதே தேர்தலில் அந்த நிலைக்கு வந்தது. அதற்கு முன்பும் இரண்டும் பதிவு பெற்ற கட்சிகள்தானே? ஆனால் தேர்தலுக்குத் தேர்தல் சின்னத்துக்காக அலைந்துகொண்டிருந்தார்கள். கட்சியை மாநிலக் கட்சியாக. ‘ஆக’ வந்தது, சின்னம் நிலைத்தது.

அங்கீகாரத்துக்கு எல்லைக்கோடும் உண்டு. 2011இல் தொடங்கிய என்.ஆர். காங்கிரஸ் புதுச்சேரியில் அங்கீகரிக்கப்பட்ட மாநிலக் கட்சி, ஜக்குச் சின்னம் அங்கே அவர்களுடையது. ரெட்டிச்சாவடி தாண்டி இந்தப் பக்கம் வந்தால் அந்த ஒதுக்கீடு தானாகக் கூட வராது. ‘அங்கீகாரம் பெற்றது’ என்று மொட்டையாக எழுதுகிறவர்களிடம் யாரால், எங்கே என்று நான் கேட்பது இதனால்தான்.

தொழிற்சங்கமும் இதே கதை. 1926இன் தொழிற்சங்கச் சட்டம் தந்தது பதிவு மட்டுமே. ஒரே ஆலைக்குள் பதிவு பெற்ற சங்கம் பத்து இருக்கும். நிர்வாகம் யாரோடு உட்கார்ந்து பேசும் என்பதுதான் கேள்வி. நெய்வேலியில் அதற்குத் தொழிலாளர்களிடையே ரகசிய வாக்கெடுப்பு வைப்பார்கள். அந்தச் சமயத்தில் எங்கள் பக்கத்து அச்சகங்களில் இரவெல்லாம் இயந்திரம் ஓடும். ‘பதிவு பெற்ற சங்கம்’ என்று ஒருவரும் சுவரொட்டி போடமாட்டார், ‘அங்கீகாரம் பெறப்போகும் சங்கம்’ என்றுதான் போடுவார்கள்.

இப்போது ஏற்பு. இதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதற்காக ஒரு மத்தியானம் முழுக்கச் சண்டை போட்டிருக்கிறேன்.

புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் வந்தார். பாரதிதாசன் ஊர்க்காரர், அச்சிடக் கொடுக்கும் தாளில் ஒரு வடசொல் இருந்தாலும் அடித்துவிட்டுத்தான் கொடுப்பார். அவர்கள் மன்றத்துக்குக் கடிதத் தாள் வேண்டும், பெயருக்குக் கீழே ‘அரசு ஏற்புப் பெற்றது’ என்று வர வேண்டும். “ஐயா, அங்கீகாரம்னு போட்டா சட்டுனு புரியுமே” என்றேன். “புரியறதுக்காகப் பிச்சை எடுக்கக் கூடாது தம்பி. ஏற்பு இருக்கு, ஏற்பளிப்பு இருக்கு, அறிந்தேற்பு இருக்கு” என்றார்.

மூன்றையும் எடைபோட்டுப் பார்ப்போம். அறிந்தேற்பு பொருளில் மிகச் சரியானது. பார்த்து, அறிந்து, ஏற்பது, அங்கீகாரத்தைவிடக்கூடத் துல்லியம். ஆனால் ஃபிளெக்ஸில் போட்டால் படிக்கிறவர் நின்று ஒரு முறை எழுத்துக்கூட்ட வேண்டும், பஸ்ஸில் போகிறவருக்கு அந்த அவகாசம் கிடையாது. ஏற்பளிப்பு நல்ல நடுவழி. ‘ஏற்பளிக்கப்பட்ட நிறுவனம்’ என்றால் அரசுக் கடிதம் படித்துப் பழகியவர்களுக்குப் புரிந்துவிடும், அலுவலகத் தமிழில் எழுதுகிறவர்கள் தயங்காமல் கையாளலாம். வெறும் ஏற்புதான் ஆபத்தானது. ஏற்புரை, பதவியேற்பு என்று அது ஏற்கெனவே வேறு வேலைகளில் இருக்கிறது. ‘அரசு ஏற்ற’ என்று வினையாக வந்தால் பொருளே புரண்டுவிடும். 2013இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை அரசு ஏற்றது என்று சொன்னால் அங்கீகரித்தது என்றா பொருள்? 1929இலிருந்து நடந்துகொண்டிருந்ததை அரசு தன் கைக்கு எடுத்துக்கொண்டது என்று பொருள். ஒரு தனியார் பள்ளி ‘அரசு ஏற்ற பள்ளி’ என்று பலகை வைத்தால் சம்பளம் கட்ட வேண்டாம் என்று பெற்றோர் நினைத்துக்கொள்வார்கள்.

இதையெல்லாம் ஐயாவிடம் சொல்லிவிட்டு, எண் போடுவதற்காக அவர் கொண்டுவந்த சான்றைக் கேட்டு வாங்கினேன். 1860ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவு. அங்கீகாரமும் இல்லை, ஏற்பளிப்பும் இல்லை. பதிவு. சுத்தமான தமிழ்ச் சொல். இரண்டு பேரும் ஒரு மத்தியானம் சண்டை போட்டது இல்லாத முத்திரைக்குப் பெயர் வைக்க. ஐயா சிரித்துவிட்டு ‘பதிவு பெற்றது’ என்று தாமே எழுதிக் கொடுத்தார், டீ அவர் கணக்கு.

புதுச்சேரிப் பக்கம் இருக்கிறவர்களுக்கு இந்தச் சொற்களெல்லாம் வெறும் பலகை விஷயம் இல்லை, அவர்கள் வரலாறே இவற்றுக்கு நடுவில்தான் நடந்திருக்கிறது. ஆகஸ்ட் 16 விழாவுக்குப் பாகூர் பக்கத்துப் பையன்கள் சிலர் ஒரு காட்சிப் பலகை அடிக்க வந்தார்கள். அவர்கள் எழுதி வந்த வரி: ‘1962இல் பிரான்ஸ் புதுச்சேரியை அங்கீகரித்தது’. என்னவாக என்று கேட்டேன். முழித்தார்கள். நாடாக இல்லை, மாநிலமாக இல்லை. சரி, நடந்ததை வரிசையாகச் சொல்லுங்கள் தம்பி என்றேன். 1954 அக்டோபர் 18 கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி, இந்தியாவோடு இணைய 170 பேரும் வேண்டாம் என்று 8 பேரும் வாக்களித்தார்கள். அது இணைப்புக்குத் தந்த ஒப்புதல். நவம்பர் 1 ஆட்சி கைமாறியது. அது ஒப்படைப்பு. 1956 மே 28 ஒப்பந்தம் கையெழுத்தானது. அதைப் பிரெஞ்சு நாடாளுமன்றம் ஏற்று முடிக்க 1962 ஆயிற்று. அந்த ஆண்டு ஆகஸ்ட் 16 சட்டப்படியும் கைமாறியது. ஆக எட்டு வருஷம் நடைமுறையில் இந்தியா, சட்டத்தில் பிரான்ஸ். கடைசியில் பலகையில் ‘இணைப்பு ஒப்பந்தத்துக்குப் பிரெஞ்சு நாடாளுமன்றம் 1962இல் ஒப்புதல் அளித்தது’ என்று போட்டோம். ஒப்பந்தத்துக்கு ஒப்புதல், ஒரே வேர். காதுக்கும் நன்றாக இருந்தது.

மே, ஜூன் மாதங்களில் கடைக்கு வருகிறவர்கள் கேட்பது கல்லூரி. பிளஸ் டூ முடித்த பெண்ணோடு ஒரு அப்பா வந்தார், நெல்லிக்குப்பம் பக்கம். மூன்று கல்லூரிகளின் கையேடுகளை விரித்து, “அண்ணே, மூணுலயும் அங்கீகாரம்னு போட்டிருக்கு. எதைச் சேக்கறது?” என்றார். பார்த்தால் மூன்றும் மூன்று விதம். ஒன்றில் ‘யு.ஜி.சி. அங்கீகாரம் பெற்றது’, இன்னொன்றில் ‘ஏ.ஐ.சி.டி.இ. அங்கீகாரம்’, மூன்றாவதில் ‘நாக் அங்கீகாரம்’.

சொல்லைப் பிரித்தால் முடிவு தானாகத் தெரியும். பட்டம் தருவது கல்லூரி இல்லை, பல்கலைக்கழகம். ஆகவே முதலில் தேட வேண்டிய சொல் இணைவு. எந்தப் பல்கலைக்கழகத்தோடு, எந்தப் பாடத்துக்கு, எந்த ஆண்டு வரை? இணைவு இல்லையென்றால் மற்ற எதுவும் உதவாது. யு.ஜி.சி., அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, என்று கல்லூரிகள் போடுவது பெரும்பாலும் 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2(எஃப்) பிரிவுப் பட்டியலில் பெயர் இருப்பதை. 12(பி) என்றும் சேர்த்திருந்தால் மத்திய நிதியுதவி பெறத் தகுதி உண்டு என்று பொருள். இருந்தால் நல்லதுதான், அந்தப் பெண்ணின் பட்டம் செல்லுமா என்பதை அது தீர்மானிப்பதில்லை. தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ. தருவது பொறியியல், மேலாண்மை போன்ற தொழில் படிப்புகளுக்கான ஒப்புதல். பட்டப் படிப்புகளான பி.பி.ஏ.வும் பி.சி.ஏ.வும்கூட 2024-25 முதல் அதன் கீழ் வந்துவிட்டன, பெண் பி.சி.ஏ. கேட்பதால் அதையும் பார்க்கச் சொன்னேன். 1994இல் அமைந்த தேசிய மதிப்பீட்டு மன்றமான நாக் தருவது தரமதிப்பீடு. அது மதிப்பெண் மாதிரி. பள்ளியில் முதல் மாணவன் என்பதும் பள்ளியில் இருக்கிறான் என்பதும் வேறு வேறு செய்தி இல்லையா? என் கணக்கில் வரிசை இணைவு, ஒப்புதல், அப்புறம் தரமதிப்பீடு. கையேட்டில் எழுத்தின் அளவு பெரும்பாலும் இதற்குத் தலைகீழாக இருக்கும்.

பள்ளியிலும் இணைவு தனி, அங்கீகாரம் தனி. புதுச்சேரிக்குச் சொந்தப் பாடத்திட்ட வாரியம் கிடையாது, அரசுப் பள்ளிகளே 2023-24 முதல் சி.பி.எஸ்.இ.க்கு மாறத் தொடங்கிவிட்டன. ஒரு தனியார் பள்ளி அங்கே சி.பி.எஸ்.இ. என்று போட்டால் அது தேர்வு எழுத வைக்கும் இணைவு. பள்ளியைப் பள்ளியாக ஏற்பது கல்வித் துறையின் அங்கீகாரம். இரண்டு தாளையும் கேட்டுப் பார்க்கலாம், கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது.

பாராட்டு என்ற பொருளில் வருகிற அங்கீகாரத்தைப் பற்றி எனக்கு அதிகம் சொல்ல இல்லை. ‘அந்தக் கூத்துக் கலைஞருக்கு உரிய அங்கீகாரம் கிடைக்கவில்லை’ என்கிறோம், புரிகிறது, எழுதலாம். இங்கும் ‘ஆக’ ஒளிந்திருக்கிறது, கலைஞராக ஊர் ஏற்பது. பண்ருட்டிப் பலாவுக்கும் முந்திரிக்கும் 2025இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது ‘பலாவுக்கு அங்கீகாரம்’ என்று வாழ்த்து ஃபிளெக்ஸ் அடித்தேன். சட்டப்படி அது பதிவு. பலாப்பழத்திடம் போய் யார் சட்டம் பேசுவது.

சரி, தாளாளரிடம் வருவோம். அவருக்கு முன்னால் மூன்று வழிகளை வைத்தேன். ஒன்று, ‘தொடக்க அனுமதி பெற்றது’ என்று ஆணை எண்ணோடு போடுவது. உண்மை, ஆனால் பார்க்கிறவருக்குப் புதுச் சொல். இரண்டு, ‘அங்கீகாரத்துக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது’ என்று போடுவது. அதுவும் உண்மைதான், ஆனால் பெற்றோர் காதில் ‘இன்னும் கிடைக்கவில்லை’ என்றுதான் விழும். மூன்று, அந்தச் சிவப்புப் பட்டையையே எடுத்துவிட்டு வேன் வசதியையும் யோகா வகுப்பையும் போடுவது. நான் முதலாவதைச் சொன்னேன். அவர் மூன்றாவதை எடுத்துக்கொண்டார். வாசல் வரை போனவர் திரும்பி, “வேற கடையில போட்டுத் தரமாட்டாங்களா தம்பி?” என்று கேட்டார். தருவாங்க சார் என்றேன். பொய் சொல்வானேன்.

வேறு கடைக்குப் போகவில்லை. எட்டு மாதம் கழித்து அதே பிளாஸ்டிக் உறையோடு வந்தார். மூன்று ஆண்டுக்கான அங்கீகார ஆணை, இந்த நாள் முதல் இந்த நாள் வரை என்று தெளிவாக. சிவப்புப் பட்டை, மஞ்சள் எழுத்து, பஸ்ஸில் போகிறவர் கண்ணுக்குத் தெரிகிற அளவு. எல்லாம் அடித்து முடித்துத் திரையில் காட்டினேன். கீழே ஆணை எண், அதன் பக்கத்தில் முடிவு நாள்.

“அந்த முடியற தேதி வேணாமே தம்பி.”

“எழுத்தைச் சின்னதாக்கறேன் சார். எடுக்க முடியாது.”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையையே கொஞ்ச நேரம் பார்த்தார். “சரி, வெள்ளையில போடு, சிவப்புல எடுப்பா தெரியும்” என்றார்.